புறத்தே தோன்றாத வலி

(விழாவின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இம்மேடையில் இலக்கியம் பேசியே எனக்குப் பழக்கம். இவ்வாண்டு ஒரு நோயைப் பற்றிப் பேச இசைவு கேட்டேன். நான் மருத்துவன் அல்லன். 33 ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன். ஆயினும் இந்நோய் என் இல்லத்தில் 11 ஆண்டுகளாகக் குடியிருக்கிறது. அவற்றுள் முதல் நான்கு ஆண்டுகள் அதனை நோய் என்றே நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பிழையைச் சொல்லவே வந்திருக்கிறேன். என் துணைவியாரின் இசைவு பெற்றே பேசுகிறேன். அவர் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்.

முதலில் தோளில் தொடங்கியது. பின்னர்க் கழுத்து, இடுப்பு, முழங்கை, தொடை என உடலெங்கும் பரவியது. இரவெல்லாம் நாற்று நட்டவர்போல் களைத்து எழுவார். மாவுப் பாத்திரத்தைத் தூக்கினால் கை எரியும். பேரன் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டால் முகம் சுளிப்பார். சுளித்ததற்காகப் பின்னர் அழுவார். இரத்தம் சோதித்தோம், எக்ஸ்ரே, ஸ்கேன் எடுத்தோம். எல்லாம் சரியாகவே இருந்தன. ஒரு மருத்துவர் கால்சியம் தந்தார். மற்றொருவர் வலி மாத்திரை தந்தார். இன்னொருவர், "மனத்தை வேறு வேலையில் செலுத்துங்கள்" என்றார்.

ஒருநாள் உறவினர் இல்லத் திருமணத்திற்குப் புறப்படும் வேளையில், தம்மால் இயலவில்லை என்று அவர் கட்டிலில் அமர்ந்துவிட்டார். நான் ஆய்வுத் தாள்களை எடுத்துக் காட்டி, "எல்லாம் சரி என்று எழுதியிருக்கிறதே, இன்னும் என்ன வலி?" என்று கேட்டேன். மாணவனின் விடைத்தாளில் பிழை கண்டவன் குரலில் கேட்டேன். "அந்தத் தாளைப் படிக்கிறீர்கள், என் முகத்தைப் பார்க்கவில்லையே" என்றார் அவர். அதன்பின் என்னிடம் வலியைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். வலி நின்றுவிட்டது என்று நான் எண்ணிக்கொண்டேன்.

சில ஆண்டுகள் கழித்து எங்கள் மருமகள் அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்றாள். மூட்டு, தசை, இணைப்புத்திசு நோய்களுக்கென ரூமட்டாலஜி என்றொரு தனித்துறை உண்டு. அத்துறை மருத்துவர் அரைமணி நேரத்திற்கு மேல் பொறுமையாகக் கேட்டார். பின்பு என் பக்கம் திரும்பி, "ஐயா, அம்மாவின் வலி மெய்யானது. இதற்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர்" என்றார். என் துணைவியார் அழுதார். நோய்க்கு அஞ்சி அழுகிறார் என்று நினைத்தேன். தம்மை ஒருவர் நம்பினார் என்பதற்காக அழுதார் என்பது, ஊர் திரும்பும் வழியில் அவர் சொல்லித்தான் தெரிந்தது.

அன்பர்களே, அப்பெயரின் பொருள் எளிது. இலத்தீனில் நார், கிரேக்கத்தில் தசை, வலி என்னும் மூன்று சொற்களின் கூட்டு அது. 1904ஆம் ஆண்டு வில்லியம் கௌவர்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர், நார்த்திசுவின் அழற்சி என்னும் பொருளில் ஃபைப்ரோசைட்டிஸ் என்ற பெயரை இட்டார். ஆராய்ந்து பார்த்தபோது தசையில் அழற்சி எதுவும் காணப்படவில்லை. ஆகவே 1976 முதல் அழற்சியை விடுத்து, வலியை மட்டும் சுட்டும் இன்றைய பெயர் வழங்கலாயிற்று.

அழற்சி இல்லையெனில் வலி எங்கிருந்து வருகிறது? நரம்பு மண்டலம் வலியைக் கையாளும் முறையிலிருந்து வருகிறது. திருவிழாப் பந்தலில் ஒலிபெருக்கியை அளவுக்கு மீறித் திருகிவைத்தால், மெல்லிய இருமலும் இடியாகக் கேட்கும். இருமியவர்மீது குற்றமில்லை, கேட்பவர் காதிலும் குற்றமில்லை. அதுபோல மூளையும் தண்டுவடமும் வலிச் செய்தியைப் பன்மடங்காக்கி உணர்கின்றன. 2002ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இந்நோயுடையோர் 16 பேர், நலமுடையோர் 16 பேர் ஆகியோரின் கட்டைவிரல் நகத்தில் சிறு அழுத்தம் தந்து, அவர்தம் மூளையைப் படமெடுத்தனர். ஒரே அளவு அழுத்தத்திற்கு நோயுடையோரின் மூளையில் வலிக்குரிய பகுதிகள் மிகுதியாகக் கிளர்ந்தன. அது கற்பனை வலி அன்று என்பதற்கு அப்படங்கள் சான்றாயின.

உலகில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேர் வரை இந்நோயால் வருந்துகின்றனர் என்பது பொதுவான கணக்கு. பெண்களே மிகுதி, ஆண்களுக்கும் உண்டு. உடலின் பல பகுதிகளில் மூன்று மாதங்களுக்குக் குறையாத வலி, தூங்கியும் தெளியாத சோர்வு, சொல்லும் பொருளும் நினைவில் நழுவும் மறதி ஆகியவை முதன்மை அறிகுறிகள். தலைவலி, குடல் தொல்லை ஆகியவையும் உடன்வரலாம். இதனை உறுதி செய்யத் தனிச் சோதனை இல்லை. நோயாளி சொல்லக் கேட்டும், உடலைத் தொட்டறிந்தும், பிற நோய்களை விலக்கியுமே முடிவு செய்கின்றனர். தைராய்டு குறைபாடு, முடக்குவாதம், வைட்டமின் டி குறைவு ஆகியவையும் இவ்வாறே வலி தரும். புலால் உண்ணாத நம்மவர்க்கு வைட்டமின் பி12 குறைவும் ஏற்படக்கூடும். அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூட்டு வீக்கம், காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், கைகால் வலுவிழத்தல் ஆகியவை இருப்பின் வேறு நோயாக இருக்கலாம்; காலம் தாழ்த்தலாகாது.

மருத்துவரிடம் செல்லும்போது வெறுமனே வலி என்று சொல்லாதீர்கள். குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், மதமதப்பு என எத்தனை சொற்களை நம் தாய்மார்கள் காத்து வைத்திருக்கிறார்கள்! எது, எங்கே, எப்பொழுது என்று அச்சொற்களாலேயே சொல்லுங்கள்.

இனி மருத்துவம். நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் வலியைக் குறைத்து வாழ வழியுண்டு. 2016ஆம் ஆண்டு ஐரோப்பிய வாதநோய் வல்லுநர் அமைப்பு வகுத்த நெறிமுறைகளில், உறுதியான பரிந்துரை பெற்றது உடற்பயிற்சி ஒன்றே. வலிக்கும் உடம்பை அசைக்கச் சொல்வது கொடுமைபோல் தோன்றும். எனவே சிறிதாகத் தொடங்க வேண்டும். என் துணைவியார் முதல் வாரம் நடந்தது நாளொன்றுக்கு ஐந்து நிமிடம். இன்று 25 நிமிடம். மென்மையான யோகாசனம், வெதுவெதுப்பான நீரில் பயிற்சி, குறித்த நேரத்தில் உறங்கி எழுதல், வலியோடு வாழ உளவியலார் தரும் பயிற்சி ஆகியவையும் பயன் தருவன.

இவற்றோடு மருந்தும் சிலருக்குத் தேவைப்படும். அமிட்ரிப்டிலின், டுலாக்சிடின், பிரிகாபலின் ஆகியவை மருத்துவர்கள் பெரிதும் தருபவை. முதலிரண்டும் மனச்சோர்வு மருந்துகள் என்று மருந்துக்கடையில் கேள்விப்பட்டு நான் கலங்கினேன். வலிச் செய்தியை அடக்கும் நரம்புப் பாதைகளிலும் அவை செயற்படுவதால் தரப்படுகின்றன என்று மருத்துவர் விளக்கினார். எல்லாருக்கும் அவை பயன் தருவதில்லை; மயக்கம், வாய் உலர்தல், உடல் எடை கூடுதல் போன்ற தொல்லைகளும் உண்டு. சாதாரண வலி மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்குவதால் இந்நோய்க்குப் பெரும்பயன் இல்லை. வயிற்றுக்கும் சிறுநீரகத்திற்கும் கேடுண்டு. ஸ்டீராய்டும் அபினி வகை மருந்துகளும் இதற்கு ஏற்றவை அல்ல. பெயர் தெரியாத மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு, எச்சரிக்கை வேண்டும்.

நம் குடும்பங்களுக்கென இரண்டு செய்திகள். சூரியன் மறையுமுன் உண்டு முடிக்கும் நோன்புடையோர், இரவு மாத்திரை என்றதும் சொல்லாமலே விட்டுவிடுகின்றனர். மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், மாலையிலேயே கொள்ளத்தக்கவாறு நேரத்தை மாற்ற இயலுமா என்று கேளுங்கள். கேப்சூல் உறைகள் பல, விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனவை. மாத்திரை வடிவமோ, தாவர உறையோ கிடைக்குமா என்று கேட்டுப் பெறலாம். கேளாமல் நிறுத்திவிடாதீர்கள். உண்ணாநோன்பு நாளிலும் இம்மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், குமட்டல், பதற்றம் முதலியன தோன்றக்கூடும்.

தமிழாசிரியன் என்பதால் ஒன்று சொல்லி அமைகிறேன். பழந்தமிழில் ‘வலி’ என்பது வலிமையையே பெரிதும் குறித்தது. திருக்குறளில் ‘வலியறிதல்’ என்றே ஓர் அதிகாரம் உண்டு. தன் வலிமையை அளந்தறிந்து செயலில் இறங்குக என்பது அதன் கருத்து. இந்நோய்க்கு மருத்துவர் சொன்ன முதன்மையான அறிவுரையும் அதுவே. வலி குறைந்த நாளில் வீடெல்லாம் கழுவி, வடகம் பிழிந்து, மறுநாள் முதல் மூன்று நாள் படுக்கையில் கிடப்பார் என் துணைவியார். இப்பொழுது வேலையைப் பகுத்துச் செய்கிறார்; இடையிடையே ஓய்வு கொள்கிறார். வடகம் பிழிவது என் பணியாயிற்று. சரியாக வருவதில்லை, ஆயினும் குறை சொல்வதில்லை.

நோயாளிக்கு நம்மால் இயன்ற முதல் உதவி நம்புதல். "பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாய்" என்று சொல்லாதீர்கள். நாம் கையால் எவ்வுயிரையும் துன்புறுத்தாதவர்கள். அவ்வொரு சொல்லால் துன்புறுத்திவிடுகிறோம். நான்கு ஆண்டுகள் நான் செய்தது அதுதான். "இன்று எப்படி இருக்கிறது?" என்று கேட்டு, விடை வரும்வரை காத்திருங்கள். இம்மண்டபத்தின் ஓரத்தில் இட்டிருக்கும் நாற்காலிகளில் இளம்பெண் ஒருத்தி அமர்ந்திருந்தால், பெரியோர் தரையில் இருக்க இவளுக்கு நாற்காலியா என்று எண்ணாதீர்கள். அவள் உடம்பில் என்ன நடக்கிறது என்பது நம் கண்ணுக்குத் தெரியாது.

என் துணைவியாருக்கு வலி இன்றும் இருக்கிறது. காலையில் நான் கேட்கிறேன், அவர் சொல்கிறார். எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த மாற்றம் இவ்வளவே.