கவிதையும் வழக்கும்: ஒரு தீர்ப்பை வாசித்தல்



கவிதைக்குப் பொருள் காண்பது உரையாசிரியர்க்கும் திறனாய்வாளர்க்கும் உரிய பணி என்று கொள்வது மரபு. சில வேளைகளில் அப்பணி காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் நிகழ்கிறது. அங்கே பொருள் பிறழுமானால் கவிஞரின் உரிமையே பறிபோகும். ஆதலின் நீதிபதிகள் கவிதையை எவ்வாறு வாசிக்கின்றனர் என்பதைக் கவிஞர்கள் அறிந்திருத்தல் இன்றியமையாதது. இந்திய உச்ச நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் வழங்கிய தீர்ப்பொன்று இதற்குத் தக்க சான்றாகும்.

வழக்கின் வரலாறு

2024 டிசம்பர் 29 அன்று குஜராத் மாநிலம் ஜாம்நகரில் ஒரு கூட்டுத் திருமண விழா நடைபெற்றது. உருதுக் கவிஞரும் மாநிலங்களவை உறுப்பினருமான இம்ரான் பிரதாப்கடி அதில் கலந்துகொண்டார். பின்னர் அவ்விழாவின் 46 நொடிக் காட்சியை அவர் எக்ஸ் தளத்தில் வெளியிட்டார். காட்சியின் பின்னணியில் ஓர் உருதுக் கவிதை ஒலித்தது. அக்கவிதை சமூகங்களிடையே பகை மூட்டுகிறது என்ற முறையீட்டின் பேரில், 2025 ஜனவரி 3 அன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவு முதலியவற்றின்கீழ் வழக்குப் பதிவாயிற்று. புலனாய்வு தொடக்க நிலையில் இருப்பதாகக் கூறி, குஜராத் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ய மறுத்தது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அபய் எஸ். ஓகாவும் உஜ்ஜல் புயானும் அவ்வழக்கை ரத்து செய்தனர்.

நீதிமன்றம் வாசித்த முறை

தொல்காப்பியர் செய்யுளியலில் கூறும் உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், பொருள் என்பனவும் அடங்கும். செய்யுளை உணர யார் கூறுகிறார், யார் கேட்கிறார், என்ன பயன் கருதிக் கூறப்பட்டது என்பவற்றை அறிதல் வேண்டும் என்பது அதனால் விளங்கும். டெல்லியில் எழுதப்பட்ட இத்தீர்ப்பும் ஏறத்தாழ அவ்வழியிலேயே செல்கிறது.

முதலாவது, பொருள். கவிதை முழுவதையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்போடு நீதிபதிகள் எடுத்து நோக்கினர். அதில் எந்தச் சமயமும் எந்தச் சமூகமும் சுட்டப்படவில்லை என்று கண்டனர். கவிதையில் வரும் அரியணை என்னும் சொல்லை, அநீதி இழைக்கும் ஆட்சிக்குரிய குறியீடாகக் கொண்டனர். அநீதியை வன்முறையால் எதிர்கொள்ளாது அன்பால் எதிர்கொள்க என்பதே கவிதையின் கருத்து என முடிவு செய்தனர். சொல்லொன்றைப் பிரித்தெடுத்துக் குற்றம் காண்பதற்கும், செய்யுளை முழுமையாக நோக்கி உட்பொருள் காண்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே புலனாகும். வேந்தனை நோக்கி அறம் உரைப்பதைச் செவியறிவுறூஉ எனத் தனித் துறையாக வகுத்த மரபினர்க்கு இவ்வாசிப்பு எளிதில் விளங்கும்.

இரண்டாவது, கேட்போர். எவர் செவியைக் கொண்டு கவிதையின் விளைவை அளப்பது? 1946ஆம் ஆண்டில் நாகபுரி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி விவியன் போஸ் இவ்வினாவிற்கு விடை தந்தார். அறிவும் உள்ளுறுதியும் துணிவும் உடையோரே அளவுகோல்; மாற்றுக்கருத்து ஒவ்வொன்றிலும் தீங்கை மோப்பம் பிடிப்போர் அளவுகோல் ஆகார் என்பது அவர் கருத்து. நாட்டுப் பிரிவினையைச் சித்திரித்த ‘தமஸ்’ தொலைக்காட்சித் தொடரைத் தடுக்க முயன்ற வழக்கில், 1988இல் உச்ச நீதிமன்றம் அவ்வளவுகோலை ஏற்றது. 2025ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அதனையே கைக்கொண்டது.

மூன்றாவது, பயன். பகை மூட்டும் எண்ணம் இல்லாதவிடத்து 196ஆம் பிரிவின்கீழ்க் குற்றம் இல்லை என்றது நீதிமன்றம். குடியரசாகி எழுபத்தைந்து ஆண்டுகள் கடந்த பின்பும், ஒரு கவிதையைப் படித்ததால் சமூகங்களிடையே பகை மூண்டுவிடும் என்று கூறுமளவிற்கு நாட்டின் அடித்தளம் தளர்ந்துவிடவில்லை என்றும் நீதிபதிகள் எடுத்துரைத்தனர். கூறப்பட்ட கருத்து நீதிபதிகளுக்கே உவப்பில்லாதபோதும் கூறும் உரிமையைக் காத்தல் அவர்தம் கடமை என்பதும் இத்தீர்ப்பின் செய்தி.

மற்றொரு தீர்ப்பு

எல்லாக் கவிதைகளுக்கும் இத்தகைய வாசிப்பு வாய்ப்பதில்லை. மராத்தியக் கவிஞர் வசந்த் தத்தாத்ரேய குர்ஜர் காந்தியடிகளைப் பாத்திரமாக்கி எழுதிய கவிதையொன்று 1994இல் வங்கி ஊழியர் சங்க இதழொன்றில் வெளிவந்தது. அது ஆபாசம் என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. 2015 மே மாதம் உச்ச நீதிமன்றம் இவ்வழக்கில் தீர்ப்பளித்தது. போற்றப்படும் வரலாற்று மாந்தரின் பெயரைக் குறியீடாகக் கொண்டு இழிசொற்களைப் பெய்யும்போது, ஆபாசத்தை அளக்கும் அளவுகோல் மேலும் கடுமையாகும் என்றது. முன்னரே வருத்தம் தெரிவித்த வெளியீட்டாளரும் அச்சிட்டவரும் விடுவிக்கப்பட்டனர். கவிஞரோ விசாரணையை எதிர்கொள்ள வேண்டியவரானார்.

இரு வழக்குகளும் வெவ்வேறு சட்டப் பிரிவுகளைச் சார்ந்தவை. இரண்டும் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வின் தீர்ப்புகளே. எனவே 2025ஆம் ஆண்டுத் தீர்ப்பு முன்னதை மாற்றிவிட்டதாகக் கொள்ள இயலாது. குறியீடு கவிஞரைக் காத்ததும் உண்டு. குறியீடே கவிஞருக்குச் சுமையானதும் உண்டு.

முதல் வாசகர்

நாடாளுமன்ற உறுப்பினரான கவிஞருக்கு 84 நாட்களில் நீதி கிட்டியது. குர்ஜரின் கவிதை இதழில் வெளிவந்து இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் வழக்கு முடியவில்லை. சிற்றூரில் சிற்றிதழுக்கு எழுதும் கவிஞர் உச்ச நீதிமன்றம்வரை செல்ல இயலுமா? அவரைப் பொறுத்தவரை வழக்குக்காக அலைவதே தண்டனையாகிவிடும்.

ஆதலின் இத்தீர்ப்பின் மிகப் பயனுள்ள பகுதி, காவல் நிலையத்தைப் பற்றியதாகும். மூன்றாண்டு முதல் ஏழாண்டிற்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், உயர் அலுவலரின் அனுமதியுடன் 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை செய்யப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3)ஆம் பிரிவு இடமளிக்கிறது. பேச்சும் எழுத்தும் குற்றமாகச் சொல்லப்படும்போது இவ்வழியைப் பின்பற்றுதலே தக்கது என்றும், வழக்குப் பதியுமுன் அச்சொற்களை அலுவலர் படித்தோ கேட்டோ உணர்தல் வேண்டும் என்றும் நீதிமன்றம் அறிவுறுத்தியது. கவிதையின் முதல் வாசகர் காவல் அலுவலராக அமையும் நிலையில், அவர் நன்கு வாசித்தாலே வழக்கு எழாது போகும். ஆயினும் அப்பிரிவு கட்டாயப்படுத்துவதன்று. அலுவலரின் விருப்புரிமைக்கு விடுவது. எனவே அக்காப்பு இன்னும் முழுமையுறவில்லை.

தமிழகத்திற்கும் இப்பட்டறிவு உண்டு. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ புதினத்தை எதிர்த்துப் போராட்டம் எழுந்தபோது, 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் ஓர் உடன்பாடு எழுதப்பட்டது; எழுதுவதையே கைவிடுவதாக எழுத்தாளர் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அவ்வுடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று கூறி, மீண்டும் எழுதுமாறு அவரை ஊக்கியது. அங்கும் தீங்கு நேர்ந்தது நீதிமன்றத்திற்கு வெளியிலேதான். பதினேழு திங்களுக்கு மேல் ஓர் எழுத்தாளரின் வாய் அடைபட்டிருந்தது.

பத்தாண்டுகளாகக் கவிதைகளை வரிவரியாக ஆய்ந்துவரும் இவ்வட்டத்தினர்க்குத் தீர்ப்புகளை ஆய்தல் புதுமையன்று, இரண்டும் சொல்லாராய்ச்சியே. ஆண்டுக்கொரு முறையேனும் இத்தகைய தீர்ப்பொன்றை எடுத்து வாசித்து, அதில் கவிதை எவ்வாறு பொருள்கொள்ளப்பட்டது என்று எழுதிவைத்தல் நலம். எங்கோ ஒரு கவிஞரின் வழக்கில் வாதாடும் வழக்கறிஞர்க்கு அக்குறிப்பு உதவக்கூடும். அப்பணியும் இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பணிகளுள் ஒன்றாகுக.