இதய மாத்திரையை நாமாக நிறுத்தலாமா?

(நமது அறக்கட்டளையின் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)





நம் வீடுகளில் மருந்து டப்பாவைத் திறந்தால், 'லால்' என்று பெயர் முடியும் மாத்திரை ஒன்று பெரும்பாலும் இருக்கும். அடெனோலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், கார்வெடிலால், ப்ரோப்ரனோலால். இவை எல்லாம் 'பீட்டா பிளாக்கர்' என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. "இதைப் போட்டதிலிருந்து ஒரே அசதி, அதனால் விட்டுவிட்டேன்" என்று சிலர் சொல்கிறார்கள். அந்த 'விட்டுவிட்டேன்' என்பதுதான் நமக்குக் கவலை. ஆகவே அதைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

பயமோ கோபமோ வரும்போது நம் உடலில் அட்ரினலின் சுரந்து இதயத்தை வேகமாக அடிக்க வைக்கிறது. இந்த மாத்திரை அந்த வேகத்தைத் தணிக்கிறது. நாடி குறைகிறது, பிரஷர் இறங்குகிறது, இதயத்தின் சுமை குறைகிறது. ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக் 1960களில் ப்ரோப்ரனோலாலைக் கண்டுபிடித்தார். 1988இல் அவர் நோபல் பரிசு பெற்றதற்கு இந்தக் கண்டுபிடிப்பும் ஒரு காரணம்.

பக்க விளைவுகளும் இதே வேலையிலிருந்துதான் வருகின்றன. இதயம் மெதுவாக அடிப்பதால் அசதி. கை கால்களுக்குப் போகும் இரத்தம் குறைவதால் விரல்கள் சில்லிடும். பிரஷர் இறங்குவதால், ஸஜ்தாவிலிருந்து சட்டென எழும்போது தலை சுற்றும். அப்படி இருந்தால் நிதானமாக எழுங்கள். தேவைப்பட்டால் நாற்காலியில் அமர்ந்து தொழுங்கள். சிலருக்குத் தூக்கம் கெடும், கெட்ட கனவுகள் வரும். சில ஆண்களுக்குத் தாம்பத்தியத்தில் குறை ஏற்படலாம். வெட்கப்பட்டு இதை வெளியே சொல்லாமல், மாத்திரையை இரகசியமாக நிறுத்திவிடுகிறார்கள். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவோ வேறு மருந்து தரவோ வழி உண்டு.

திடீரென நிறுத்தினால் என்ன ஆகும்? இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த வேகம் ஒரேயடியாகத் திரும்பும். படபடப்பு, நெஞ்சுவலி, சிலருக்கு மாரடைப்பே வரலாம். நிறுத்தத்தான் வேண்டும் என்றால் டாக்டர் வாரக் கணக்கில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். மாத்திரை தீர்ந்துபோய் இடைவெளி விழுவதும் இதே ஆபத்துதான். நாலைந்து நாட்களுக்கு முன்பே வாங்கி வையுங்கள்.

மூன்று வகையினர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

ஆஸ்துமா உள்ளவர்கள்: இந்த வகை மாத்திரைகளில் சில மூச்சுக்குழாயைச் சுருக்கும். எனவே இளைப்பு நோய் உண்டு என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

இதயம் பலவீனமானவர்கள்: குறைந்த அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். தொடக்க வாரங்களில் அசதி கூடலாம். ஆனால் கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, இரண்டு மூன்று நாளில் 2 கிலோ எடை ஏறினாலோ உடனே டாக்டரைப் பாருங்கள்.

சர்க்கரை நோயாளிகள்: சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இம்மாத்திரை மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. நோன்பு நேரத்தில் காரணமில்லாமல் வியர்த்தால் உடனே சோதித்துப் பாருங்கள். விரலில் ஒரு துளி இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. சர்க்கரை 70க்குக் கீழே இருந்தால் நோன்பைத் திறந்துவிடுங்கள். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை ஏற்றுக்கொள்வது குற்றமல்ல.

ரமளானில் மாத்திரை நேரத்தை நாமாக மாற்றிக்கொள்ள வேண்டாம். ஒரு வேளை மாத்திரையை இஃப்தாருக்கா ஸஹருக்கா போடுவது, இரு வேளை மாத்திரையை எப்படிப் பிரிப்பது என்பதை ஷஃபான் மாதத்திலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள் நாடி பார்க்கப் பழகுங்கள். மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 50க்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் தெரிவியுங்கள். அதோடு தலைசுற்றலோ மயக்கமோ இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நோய்க்கு மருந்து செய்துகொள்ள வழிகாட்டியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். இந்த உடல் நம்மிடம் உள்ள அமானிதம். இன்றிரவே வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: "வாப்பா, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? உடம்புக்கு ஏதும் தொந்தரவு செய்கிறதா?" திட்டாமல் கேட்டால் உண்மையைச் சொல்வார்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஷிஃபாவையும் ஆஃபியத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.