ஸ்காட்லாந்து தெருப் பள்ளிக்கூடம்
(தோட்டப் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது ரயில் பாதையில் முன்னாளில் புகை கக்கி ஓடிய நீராவி எஞ்சின்களைக் கண்டவர்கள் இங்கே இருக்கக்கூடும். 1938 முதல் மலாயாவுக்கு வந்த பெரிய எஞ்சின்கள், ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் செய்யப்பட்டவை. கப்பலும் எஞ்சினும் கட்டிய அந்நகரத் தொழிலாளரின் பிள்ளைகள் பயின்ற ஒரு பள்ளியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

1872-ஆம் ஆண்டுச் சட்டம், 5 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அங்கே கல்வியைக் கட்டாயமாக்கிற்று. அதன்படி அமைந்த கிளாஸ்கோ கல்வி வாரியம் கட்டிய பள்ளிகளுள் ஒன்று இது. ஸ்காட்லாந்து தெரு என்பது தெருவின் பெயர்; அதே தெருவில் ஹவுடன் எஞ்சின் தொழிற்சாலையும் இருந்தது. பள்ளியை வரைந்தவர் சார்லஸ் ரென்னி மக்கின்டாஷ் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். 1906-இல் வேலை முடிந்தது.

முகப்பில் இரு படிக்கட்டுக் கோபுரங்கள். இரண்டிலும் உயரமான கண்ணாடிச் சாளரங்கள். ஆண்பிள்ளைகளுக்கு ஒரு வாயில், பெண்பிள்ளைகளுக்கு ஒரு வாயில், நடுவே சிறுவர்க்கென ஒரு சின்னஞ்சிறு வாயில். மழை மிகுந்த ஊராதலால் மேலங்கிகளை மாட்டி வைக்கத் தனி அறைகளும் உண்டு. செலவைப் பற்றி வாரியத்துக்கும் மக்கின்டாஷுக்கும் ஓயாத வழக்கு. தொழிலாளர் பிள்ளைகளுக்கு இத்தனை வெளிச்சமா என்று எவரும் கேட்டிருப்பின், அவர் வரைந்த சாளரங்களே விடை கூறியிருக்கும்! ஆயினும் 21 வகுப்பறைகளில் 1,250 பிள்ளைகள் என்பதே கணக்கு. ஓர் அறைக்கு ஏறத்தாழ அறுபது பேர். ஆசிரியர் பாடு எப்படியிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அப்பள்ளி கெட்டது கல்வியின் குறையால் அன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுற்றியிருந்த பழைய அடுக்குக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. பெருநெடுஞ்சாலை குறுக்கே வந்தது. குடும்பங்கள் புறநகர்களுக்கும் புது நகர்களுக்கும் பெயர்ந்தன. மாணவர் தொகை நூற்றுக்கும் கீழே சரிய, 1979-இல் பள்ளி மூடப்பட்டது. 1990-இல் கட்டடம் அருங்காட்சியகமாயிற்று. பழைய சாய்வு மேசைகளைக் காட்சிக்கு வைத்தார்கள்.

இது நமக்குப் புதிய கதையா? 1957-இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றைச் சற்றே தாண்டும். சில பள்ளிகள் ஒன்றாக இணைக்கப்பட்டன என்பதும் உண்மையே. எனினும் தோட்டம் துண்டாடப்பட்டு லயங்கள் காலியானபோது பிள்ளைகளை இழந்த பள்ளிகள் பல. வேறு சில, குடும்பங்கள் சென்ற வீடமைப்புப் பகுதிக்கே இடம் மாற்றப்பட்டுப் பிழைத்தன. அதற்கு நிலம் வேண்டும். தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் நிற்கும் பள்ளி, பகுதி உதவி பெறும் பள்ளியாகவே பெரும்பாலும் கருதப்படும். நம் பள்ளி நிலம் யார் பெயரில் உள்ளது என்பதைக் கூட்டம் முடிந்தபின் தலைமையாசிரியரிடம் கேட்டுச் செல்லுங்கள்.