முள் இறங்கவில்லை



பிள்ளைச்சாவடியில் வண்டியை ஓரங்கட்டிச் சாவியை உருவினேன். என்ஜின் அடங்கியதும் அலைச் சத்தம் கேட்டது. ஸ்பீடோமீட்டர் முள் மட்டும் 40-லேயே நின்றது. டேஷ்போர்டில் ஒரு தட்டு தட்டினேன், 20-க்கு இறங்கியது. இன்னொரு தட்டு, பூஜ்யம்.

வண்டி பழைய அம்பாசடர். புதுச்சேரி நகரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு; பொம்மையார்பாளையம் தாண்டினால் மறுபடியும் புதுச்சேரி, அதாவது பிள்ளைச்சாவடி. கடல் கரையையே அரித்துத் தின்கிற ஊர். உப்புக்காற்றில் கேபிள் துருப்பிடித்திருக்கும் என்று நானே முடிவு கட்டி, ஒரு மாதத்துக்கு முன்பு மீட்டர் கேபிளை உருவி, கிரீஸைத் தாராளமாகப் பூசி மாட்டியிருந்தேன். முன்பு முள் லேசாக நடுங்கும், அவ்வளவுதான். இப்போது ஒட்டிக்கொண்டது.

மெக்கானிக்கிடம் போனேன். மீட்டரைக் கழற்றும்முன் அவர் கேட்டது ஒரே கேள்வி: “தம்பி, கிலோமீட்டர் நம்பர் ஓடுதா?”

“ஓடுது அண்ணே.”

“அப்ப கேபிள் நல்லாத்தான் இருக்கு. கோளாறு மேலே.”

அந்த ஒரு கேள்வியில் பாதி வேலை முடிந்துவிட்டது. கியர்பாக்ஸிலிருக்கும் சின்னப் பினியன் கேபிளைச் சுற்றுகிறது. கேபிள் மீட்டருக்குள் ஒரு தண்டைச் சுற்றுகிறது. கிலோமீட்டர் எண்கள் பல்சக்கரம் வழியாக அந்தத் தண்டோடு நேராக இணைந்தவை. முள் அப்படியில்லை. முள்ளுக்கும் கேபிளுக்கும் நடுவே இருப்பது வெறும் காற்று!

வீட்டில் அலுமினியப் பாத்திரம் இருந்தால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டாது. ஆனால் காந்தம் பக்கத்தில் வேகமாகச் சுழன்றால் அலுமினியத்துக்குள் மின்னோட்டம் சுழிக்கும். அந்தச் சுழிப்பு அலுமினியத்தையும் கூடவே இழுக்கும். மீட்டருக்குள் கேபிள் சுற்றுவது காந்தத்தை. அதைத் தொடாமல் கவிந்திருக்கிற அலுமினியக் கிண்ணத்தில்தான் முள். கிண்ணம் முழுச்சுற்று சுற்றிவிடாமல் மயிரிழை போன்ற சுருள்வில் ஒன்று பிடித்துக்கொள்ளும். வேகம் குறைந்தால் முள்ளைத் திரும்ப இழுப்பதும் அதுவே. 1902-இல் பெர்லினில் ஓட்டோ ஷூல்ட்ஸே காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. அந்த மின்னோட்டத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் ஃபூக்கோ மின்னோட்டம். 1851-இல் பாரிஸில் ஊசல் கட்டிப் பூமி சுழல்வதைக் காட்டினாரே, அதே ஃபூக்கோ. புதுச்சேரி வண்டிக்குப் பொருத்தம்தான்.

இனி என் கைங்கரியம். கேபிளின் உள்கம்பி சுருளாக முறுக்கியது. சுற்றச் சுற்ற, திருகாணி போல கிரீஸை மேலே ஏற்றிக்கொண்டே போகும். ஏறிய கிரீஸ் காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே புகுந்தது, முள்ளின் அச்சிலும் படிந்தது. வண்டி ஓடும்போது முள் கூடுதலாகக் காட்டும், நின்றால் இறங்காது. தலைமயிர் கனமுள்ள வில் பாவம், எவ்வளவுதான் இழுக்கும்?

மெக்கானிக் பெட்ரோலில் நனைத்த துணியால் கேபிளைத் துடைத்தார். மேசைமேல் நீளமாக வைத்து உருட்டினார். வளைந்த கம்பியானால் உருளும்போது ஓரிடத்தில் துள்ளும். என் கம்பி துள்ளவில்லை. துள்ளினால் மாற்றத்தான் வேண்டும், நிமிர்த்திப் பயனில்லை. பிறகு கீழ்ப்பாதிக்கு மட்டும் மெலிசாகக் கிரீஸ் தடவினார். மீட்டர்ப் பக்கம் ஒரு சாண் வறட்டுக் கம்பி. மீட்டருக்குள் அச்சையும் கிண்ணத்தையும் மெல்லிய தூரிகையால் சுத்தம் செய்தார். சுருள்வில் பக்கம் தூரிகை போகவேயில்லை. திரும்ப மாட்டும்போது கேபிள் எங்கும் ஒடித்தாற்போல் மடங்காமல் விரல்விட்டுத் தடவிப் பார்த்தார். அந்த மடிப்பு இருந்தால் முள் ஆடும், டேஷ்போர்டுக்குப் பின்னால் டக்டக்கென்று சத்தமும் வரும்.

மறுநாள் விடியலில் காலாப்பட்டுப் பக்கம் ஓட்டினேன். முள்ளை 60-இல் நிறுத்தி, ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்வரை பக்கத்திலிருந்த மகனைக் கடிகாரம் பார்க்கச் சொன்னேன். சரியாக 60 வினாடி ஆக வேண்டும். ஆனது 66. அதாவது நிஜ வேகம் 54-க்குச் சற்று மேல். முள் இன்னும் கொஞ்சம் மிகைப்படுத்துகிறது.

மீட்டரைத் திறக்கட்டுமா என்றான் மகன். ஓரங்கட்டிச் சாவியை உருவினேன். முள் தானாகவே பூஜ்யத்துக்கு வந்து படுத்தது. வேண்டாம் என்றேன்.