பூட்டிய வீட்டுக்கு ஒரு காவல்



மே மாதம் வந்தால் வடாலாவில் பல தமிழ்க் குடும்பங்கள் ஊருக்குக் கிளம்பும். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. ஊரில் கோயில் கொடை. பெட்டி படுக்கையோடு நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் ரயில் ஏறுவார்கள். வீட்டைப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார்கள். உடம்பு ரயிலில் போகும். மனம் பூட்டிய வீட்டிலேயே இருக்கும். உள்ளே சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் இருக்கிறது. மகளுக்கு வாங்கி வைத்த வளையல் இருக்கிறது.

சாலில் குடியிருந்தபோது இந்தப் பயம் குறைவு. பகலெல்லாம் கதவுகள் திறந்திருக்கும். புது ஆள் நடந்து வந்தால், "யாருப்பா? யாரைப் பார்க்கணும்?" என்று பத்துக் குரல் கேட்கும். இப்போது பலரும் மாடிக் கட்டடங்களுக்கு மாறிவிட்டார்கள். கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டில் நடப்பது தெரியாது. அதனால் சில வீடுகளில் அலாரம் பெட்டி வைக்கிறார்கள். சொந்த வீட்டில் இல்லாவிட்டாலும், வேலை செய்யும் வீட்டிலோ கடையிலோ பலரும் அதைத் தொட வேண்டியிருக்கிறது.

பெட்டியை வாங்கி மாட்டினால் போதாது. அதற்குள் சரியான கட்டளைகளைப் போட வேண்டும். அது எப்படி என்று பார்ப்போம்.

இது எப்படி வந்தது?

அமெரிக்காவில் அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் என்பவர் 1853-ஆம் ஆண்டு மின்சாரத் திருட்டு மணிக்கு உரிமம் பெற்றார். கதவு திறந்தால் மணி அடிக்கும். நியூயார்க் நகரில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற நர்ஸ் இருந்தார். அவருக்கு நேரங்கெட்ட நேரத்தில் வேலை. தனியாக வீட்டில் இருக்கும்போது பயம். கூப்பிட்டால் போலீஸ் வர நேரமாகும். அவரும் கணவரும் சேர்ந்து ஒரு கருவியை யோசித்தார்கள். வாசலில் யார் நிற்கிறார் என்று உள்ளே இருந்தே டி.வி.யில் பார்க்கலாம். ஆபத்து என்றால் ஒரு பொத்தானை அழுத்தலாம். 1969-இல் அதற்கு உரிமம் கிடைத்தது. வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் பயத்தில் பிறந்த யோசனை அது.

பெட்டியின் உறுப்புகள்

கதவில் ஒரு சிறிய காந்தம் இருக்கும். நிலையில் ஒரு சுவிட்ச் இருக்கும். கதவு திறந்தால் காந்தம் விலகும். சுவிட்ச் பெட்டிக்குச் சேதி சொல்லும். கூடத்துச் சுவரில் ஒரு கண் இருக்கும். ஆள் நடந்தால், உடம்புச் சூட்டை வைத்து அது கண்டுபிடிக்கும். சைரன் சத்தம் போடும். உள்ளே ஒரு பேட்டரி இருக்கும். வாசலருகே எண் பலகை இருக்கும்.

பலகையில் சில ஆங்கிலச் சொற்கள் வரும். 'ஆர்ம்' என்றால் காவல் போடுவது. 'டிஸ்ஆர்ம்' என்றால் காவலை எடுப்பது. 'அவே' என்றால் எல்லோரும் வெளியே போகிறோம் என்று அர்த்தம். 'ஸ்டே' என்றால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது கதவுகளுக்கு மட்டும் காவல் இருக்கும். கூடத்துக் கண் தூங்கும். இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தால் சைரன் அடிக்காது. இந்த நாலு சொல்லும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் வேலை: ரகசிய எண்

புதுப் பெட்டியில் கம்பெனியே ஓர் எண்ணைப் போட்டிருக்கும். 1234 போல இருக்கும். அது கூட வரும் புத்தகத்திலேயே அச்சாகியிருக்கும். அதை மாற்றாமல் விடுவது, பூட்டிலேயே சாவியை மாட்டி விட்டுப் போவது போல. பெட்டி மாட்டிய அன்றே மாற்ற வேண்டும். பிறந்த வருடம், வீட்டு எண் வேண்டாம். ஒரே எண்ணைப் பல வருடம் வைத்திருந்தால் அந்த நாலு பொத்தான் மட்டும் தேய்ந்து போகும். பார்ப்பவனுக்கு அதுவே துப்பு.

இரண்டாவது வேலை: நேரம்

வெளியே போகும்போது காவல் போட்டால் உடனே சைரன் அடிக்காது. கதவைச் சாத்திவிட்டுப் போக 60 நொடி தரலாம். திரும்பி வந்து கதவைத் திறந்தால், பலகையில் எண்ணை அழுத்த 30 நொடி தரலாம். இது வீட்டுக்கு வீடு மாறும். முழங்கால் வலியுள்ள பாட்டி இருந்தால் அவரையே நடக்கச் சொல்லி எண்ணிப் பாருங்கள். அதற்கு மேல் கொஞ்சம் கூட்டி வையுங்கள். ரொம்பவும் கூட்டக் கூடாது. நமக்குத் தரும் நேரம் திருடனுக்கும் கிடைக்கும்.

மூன்றாவது வேலை: பகுதிகள்

வீட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து எண் போடுவார்கள். 1 வாசல் கதவு. 2 பால்கனிக் கதவு. 3 கூடம். 4 அவசரப் பொத்தான். எல்லாவற்றுக்கும் ஒரே கட்டளை கூடாது.

வாசல் கதவுக்கு அந்த 30 நொடி அவகாசம் வேண்டும். பால்கனி வழியாக வீட்டுக்காரர் வர மாட்டார். அதனால் அங்கே அவகாசம் வேண்டாம், உடனே அடிக்க வேண்டும். கூடம் வாசலைப் பார்த்து நடக்க வேண்டும். வாசல் வழியாக வந்தால் கூடமும் பொறுத்திருக்கும். வாசல் திறக்காமல் கூடத்தில் ஆள் நடந்தால் உடனே அடிக்கும். அவசரப் பொத்தான் காவல் போடாத நேரத்திலும் வேலை செய்ய வேண்டும். அதை 24 மணி நேரப் பகுதி என்பார்கள். பெட்டி மாட்ட வரும் மெக்கானிக்கிடம் இந்த நாலையும் கேட்டுப் போடச் சொல்லுங்கள்.

நான்காவது வேலை: யாரைக் கூப்பிடும்?

சிம் கார்டு உள்ள பெட்டி போனில் கூப்பிடும். பலர் தங்கள் நம்பரையே முதலில் போடுவார்கள். மலைப் பாதையில் போகும் ரயிலில் சிக்னல் கிடைக்காது. கிடைத்தாலும் அங்கிருந்து என்ன செய்ய முடியும்? ஐந்து நிமிடத்தில் வாசலுக்கு வரக்கூடிய பக்கத்து வீட்டுக்காரர் நம்பர் முதலில் இருக்கட்டும். அவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். அவர் தனியாக உள்ளே போகக் கூடாது. வெளியே நின்று நாலு பேரைக் கூட்டட்டும். 112-ஐ அழைக்கட்டும். இன்னொன்று: அந்த சிம்முக்கும் ரீசார்ஜ் செய்ய வேண்டும். பணம் தீர்ந்தால் பெட்டி ஊமையாகிவிடும்.

ஐந்தாவது வேலை: தேதியும் மணியும்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வீட்டு வேலைக்குப் போகும் சகோதரிகள் இதைக் கவனமாகக் கேளுங்கள்.

யார் எப்போது காவலை எடுத்தார் என்று பல பெட்டிகள் குறித்து வைக்கும். ஓர் அக்கா காலை 10 மணிக்கு ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்ற, எண்ணை அவரிடம் சொல்லிப் போயிருக்கிறார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது நகை காணவில்லை. முதல் சந்தேகம் யார் மேல் விழும்? ஏழையின் மேல்தான் விழும். குறிப்பைப் பார்க்கிறார்கள். அதில் 22 மணி என்று இருக்கிறது. ரயில் அட்டவணை பார்க்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், 22 என்றால் இரவு 10. "ராத்திரி பத்து மணிக்கு உனக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்பார்கள். மணியைத் தப்பாக வைத்தவர் யாரோ. திருட்டுப் பட்டம் அக்காவுக்கு.

மணி சரியாக இருந்தால் அதே குறிப்பு அக்காவுக்குச் சாட்சி சொல்லும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பெட்டிக்கு ஆளைத் தெரியாது. எண்ணை மட்டும்தான் தெரியும். ஒரே எண்ணை ஐந்து பேர் அழுத்தினால் யார் வந்தார் என்று அதனால் சொல்ல முடியாது. பல பெட்டிகளில் ஆளுக்கு ஒரு தனி எண் போடலாம். "மாமி, எனக்குன்னு தனியா ஒரு நம்பர் போட்டுக் குடுங்க" என்று தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் மானத்துக்குக் காவல். அந்த எண்ணைக் கூட வேலை செய்பவரிடமும் சொல்லாதீர்கள். வேலையை விட்டு நிற்கும் அன்று, "என் நம்பரை அழிச்சிடுங்க" என்று சொல்லி, கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள்.

கடைசி வேலை: சோதனை

"புலி வருது, புலி வருது" என்று கத்திய பையன் கதை எல்லோருக்கும் தெரியும். சும்மா சும்மா அடிக்கும் அலாரமும் அப்படித்தான். நாலு தடவை வீணாக அடித்தால் ஐந்தாவது தடவை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். வீணாக அடிக்கப் பல காரணம் உண்டு. கண்ணின் மேல் வெயில் படலாம். எதிரே திரைச்சீலை ஆடலாம். எலியோ பூனையோ ஓடலாம். சரியாகச் சாத்தாத கதவு காற்றில் ஆடலாம். கண்ணை ஜன்னலுக்கு எதிராக மாட்ட வேண்டாம்.

மாதம் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு ஒவ்வொரு கதவாகத் திறந்து பாருங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டும் பாருங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போனால் பேட்டரி சில மணி நேரம் தாங்க வேண்டும். பேட்டரி பழசானால் தாங்காது. சில வருடங்களுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். கரண்டும் பேட்டரியும் இரண்டும் போனால் சில பெட்டிகளில் மணி மாறிவிடும். திரும்ப வந்ததும் தேதியையும் மணியையும் பாருங்கள்.

சகோதரிகளே, சகோதரர்களே! அலாரம் திருடனைப் பிடிக்காது. சத்தம்தான் போடும். சத்தம் கேட்டு வருவதற்கு மனிதர் வேண்டும். ஆகவே ஊருக்குப் போகுமுன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர்கள் ஊருக்குப் போகும்போது அவர்கள் வீட்டை நீங்கள் பாருங்கள். பெட்டியில் வரும் சொல்லை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். புரியாவிட்டால் மெக்கானிக்கை விடாமல் கேளுங்கள். அவர் கிளம்புவதற்கு முன்னால், அவர் பார்க்க நீங்களே ஒரு தடவை காவல் போட்டு, காவலை எடுத்துக் காட்டுங்கள்.