மலைநாடும் ஆரோக்கிய வாணிபமும்



வாணிபம் என்றதும் அரிசியும் சீனியும் துணியும் இரும்புமே நம் நினைவுக்கு வரும். தேகாரோக்கியமும் விலை கொடுத்து வாங்கும் பண்டங்களுள் ஒன்றாகிவிட்டதை நாம் அத்துணை கவனிப்பதில்லை. நல்ல காற்றைச் சுவாசிக்கவும், நாலு மைல் நடந்து பசியெடுத்து உண்ணவும், எண்ணெய் தேய்த்து நீராடவும், சந்தடியற்ற இடத்தில் இரவு முழுதும் அயர்ந்து உறங்கவும் பணம் கொடுக்க ஆயத்தமாயிருப்போர் தொகை உலகில் ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. 2023-ஆம் ஆண்டில் உலக மக்கள் இவ்வகையில் செலவிட்ட தொகை 6.3 இலட்சம் கோடி அமெரிக்க டொலர் என்று, இத்துறையை ஆராயும் குளோபல் வெல்னஸ் இன்ஸ்டிடியூட் என்னும் நிறுவனம் கணக்கிட்டது. முகப்பூச்சு வகைகளையும் பத்திய உணவுகளையும்கூட அக்கணக்கிலே சேர்த்திருக்கிறார்கள். ஆதலால் தொகையைக் கண்டு மலைத்துப்போக வேண்டியதில்லை. எனினும், பாதியைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் இது பெரு வாணிபமே.

நுவரெலியா, அட்டன் மலைகளுக்கு இந்த வாணிபம் புதிதன்று. உண்மையைச் சொன்னால், இம்மலைகளில் தேயிலை வருவதற்கு முன்பே ஆரோக்கியம் வந்துவிட்டது. லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டது 1867-இல். அதற்கு 48 ஆண்டுகளுக்கு முன்னரே, 1819-இல், படை வைத்தியரான ஜோன் டேவி நுவரெலியாச் சமவெளிக்கு வந்து அதன் குளிர்ந்த காற்றின் அருமையை வெளியுலகுக்கு அறிவித்தார். தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் 1828-ஆம் ஆண்டளவில், கரையோர வெப்பத்தாலும் காய்ச்சலாலும் நலிந்த ஆங்கிலப் படைவீரர் தேறுவதற்கென அவ்விடத்தை ஆரோக்கிய வாசஸ்தலமாக்கினார். தமக்கும் ஒரு மாளிகை எழுப்பிக்கொண்டார். இன்று கிராண்ட் ஹோட்டல் எனப்படுவது அதன் வழி வந்ததுதான். பின்னர், காய்ச்சலில் அடிபட்டு இங்கே வந்து குணமடைந்த சாமுவேல் பேக்கர், அந்தக் காற்றிலே மனம் பறிகொடுத்து, 1848-இல் ஒரு குடியேற்றத்தையே அமைத்தார். புகையிரதம் 1884-இல் அட்டனையும் 1885-இல் நானுஓயாவையும் எட்டிய பிறகு, கோடைக்காலத்தில் கொழும்புத் துரைமார் குடும்பத்தோடு மலையேறுவது வழக்கமாகிவிட்டது. கழகமும் கொல்ப் மைதானமும் குதிரைப் பந்தயத் திடலும் தோன்றின.

இது கதையின் ஒரு பாதி. படைவீரர் உடம்பு தேற ஏறிய அதே மலைகளுக்கு, தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்ட வேலைக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்தார்கள். வாந்திபேதியாலும் மலைக்காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டவர் பலர். ஒருவருக்குச் சுகம் தந்த ஊருக்கு மற்றொருவர் உயிரைப் பணயம் வைத்தல்லவா வந்து சேரவேண்டியிருந்தது! தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளைக் கவனிக்கவேண்டும் என்று சட்டம் இயற்றப்பட்டது 1872-இல். படைவீரருக்கு ஆரோக்கிய வாசஸ்தலம் அமைந்து ஏறத்தாழ 44 ஆண்டுகளுக்குப் பின்னர். கொக்கிப்புழு நோயை ஒழிக்கும் இயக்கம் ரொக்பெல்லர் ஸ்தாபனத்தின் உதவியோடு 1916-இல் தொடங்கிற்று. வெறுங்காலோடு மலையேறி இறங்கியவர்களின் இரத்தத்தை அப்புழு பல்லாண்டுகளாகக் குடித்துவந்தது. மலசலகூடம் கட்டுவதும் தொழிலாளருக்குச் செய்ய வேண்டிய வைத்தியமே என்பதைத் தோட்டத் துரைமார் பலர் அப்போதுதான் ஒப்புக்கொண்டனர்.

இனி இக்காலத்துக்கு வருவோம். தேயிலை விலை ஒரு நிலையில் நில்லாமையாலும், உற்பத்திச் செலவு ஏறிக்கொண்டே போவதாலும், தோட்டங்களை நடத்துவோர் வேறு வருமானம் தேடலாயினர். அவர்களுடைய முயற்சிகளுள் புதுமை என்று சொல்லத்தக்கவை சில உண்டு.

கந்தப்பளைக்கு அருகே ஹெதர்செட் தோட்டத்தின் ஸ்டோர் 1970-களில் மூடப்பட்டுப் பாழடைந்து கிடந்தது. எயிட்கன் ஸ்பென்ஸ் கம்பனியார் அதை இடித்துத் தள்ளவில்லை. கொழுந்தை வாடவைக்கும் மேல்மாடிகளை அறைகளாகப் பிரித்தார்கள். இரும்புத் தூண்களையும் பழைய எந்திரத்தையும் இருந்த இடத்திலேயே விட்டார்கள். 1996-இல் அதனை விடுதியாகத் திறந்தார்கள். அருகிலே சிறியதொரு தேயிலை ஆலையும் அமைத்தார்கள். விருந்தினர் தாமே சென்று கொழுந்து பறித்து, அதனை அரைத்துக் காயவைப்பதையும் பார்த்துவரலாம். ஒரு காலத்தில் தேயிலைத் தூள் மணத்த தளத்தில் வெளிநாட்டார் படுத்துறங்குவதற்கு இத்தனை பணம் தருவார்களா என்று அப்போது ஐயுற்றவர்களும் இருந்திருப்பார்கள். தந்தார்கள், தருகிறார்கள். பயனற்றதென்று கைவிட்ட கட்டடத்திலே பயன் கண்டதே இதில் உள்ள வாணிப அறிவு.

அட்டனை அடுத்த காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த துரை பங்களாக்களின் கதையும் இத்தகையதே. டில்மா தேயிலையை நிறுவிய மெரில் ஜே. பெர்னாண்டோவின் குடும்ப நிறுவனம் 2005-இல் காசல்ரீ, நோர்வூட், சமர்வில், தியென்சின் என்னும் நான்கு பங்களாக்களை விருந்தினர் இல்லங்களாக்கியது. பின்னர் ஐந்தாவதாக டன்கெல்டும் சேர்ந்தது. பெரிய துரையும் சின்னத் துரையும் வாழ்ந்த அறைகளில் இன்று விருந்தினர் தங்குகின்றனர். பழைய நாள் போலவே சமையற்காரரும் பணியாளரும் உண்டு. காலையில் தேயிலைச் செடிகளிடையே நடை, பிற்பகலில் தேநீர், இரவில் கணப்படுப்பு. ஓரிரவு தங்குவதற்குப் பல நூறு டொலர் ஆகும். 2024-ஆம் ஆண்டு செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. கொழுந்து பறிக்கும் ஒரு பெண் பல மாதங்களில் ஈட்டுவதை விருந்தினர் ஓரிரவில் செலவிடுகிறார் என்பது அந்தக் கணக்கிலே தெரியும்.

இதைக் கேட்டு இத்தகைய முயற்சிகள் வேண்டாம் என்று சிலர் முடிவு கட்டக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. விடுதிகளில் அறவிடும் நூற்றுக்கு 10 வீதச் சேவைக் கட்டணம் பணியாளரிடையே பகிரப்படுவது இந்நாட்டு வழக்கம். லயத்தில் பிறந்த ஓர் இளைஞன் அத்தகைய விடுதியொன்றில் வேலை பெற்றால், கொழும்புக் கடைகளுக்குச் சென்று மூட்டை சுமப்பதைவிட அவனுக்கு அது மேலான வாழ்வே. நான் கேட்பது வேறு: ஆரோக்கிய வாணிபத்தில் மலையக மகன் பணியாளனாக மட்டுமே இருப்பானா, முதலாளியாகவும் ஆவானா?

இக்கேள்விக்கு விடை காண, இரண்டு வழித்தடங்களை ஒப்பிட்டுப் பார்த்தல் நல்லது.

முதலாவது, சிவனொளிபாதமலை வழி. மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசி வரையில் நல்லதண்ணியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இரவிலே படியேறுகின்றனர். 7,359 அடி உயரமான அம்மலையின் வழி நெடுகச் சிறு சிறு கடைகள். தேநீர், ரொட்டி, கம்பளிக் குல்லாய், கால்வலிக்குத் தைலம், கேட்டதெல்லாம் கிடைக்கும். உடம்பை வருத்தி மனம் தெளிய நடக்கும் அந்த நடைக்கு ஆரோக்கியச் சுற்றுலா என்று எவரும் பெயரிட்டதில்லை. ஆனால் அதைக் கொண்டு ஆறு மாதம் பிழைக்கும் சிறு வியாபாரிகள் மிகப் பலர். அங்கே வருமானம் ஒரு பெட்டியில் விழாமல் நூறு பெட்டிகளில் விழுகிறது.

மற்றையது, அண்மை ஆண்டுகளில் உருவான ‘பெக்கோ’ நடைவழி. கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி, 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கும் மேலாக நீண்டு நுவரெலியாவில் முடிகின்றது. டெயிலரின் லூல்கந்துரை, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம, அப்புத்தளை, எல்ல என்று தேயிலை நாட்டின் நெஞ்சூடே செல்கின்றது. புதிதாக வெட்டிய பாதை அதிலே சொற்பம். ஸ்டோருக்குக் கொழுந்தும் புகையிரத நிலையத்துக்குத் தேயிலைப் பெட்டியும் சென்ற பழைய தோட்டத்துப் பாதைகளே தேர்ந்து இணைக்கப்பட்டிருக்கின்றன. பெருஞ்செலவில்லாமல், இருந்ததைக் கொண்டே புதியதொன்றை ஆக்கிய இந்த யோசனையை நான் மெச்சுகிறேன்.

இவ்வழியில் நடப்பவருக்கு என்ன வேண்டும்? குடிக்கச் சுத்தமான நீர், சூடான ரொட்டியும் சம்பலும், மழையில் நனைந்தால் ஒதுங்க ஒரு கூரை, துப்புரவான மலசலகூடம், இரவு படுக்க ஓர் அறை, வழி தெரிந்த துணை. அட்டை கடித்தால் உப்போ எலுமிச்சையோ தடவிவிடவும் ஆள் வேண்டும்; இதில் மலையகப் பெண்களுக்குள்ள தேர்ச்சி எந்த வைத்தியருக்கும் இராது. வல்லாரை போட்ட இலைக்கஞ்சிக்கு நகரத்து விடுதிகளில் கொடுக்கும் விலையைக் கேட்டால், தேயிலைச் செடியின் அடியிலே அதைப் பறித்து அன்றாடம் கறியாக்குபவர்கள் சிரிப்பார்கள். இவை யாவும் லயத்தில் வாழும் குடும்பங்களால் கொடுக்கக்கூடியவை. ஏன் பெரும்பாலும் கொடுக்க முடியவில்லை?

லயத்து அறை 10 அடிக்கு 12 அடி. அது குடியிருப்பவருக்குச் சொந்தமன்று. மேலாக ஓர் அறை சேர்க்கவும் தோட்டத்தின் அனுமதி வேண்டும். 1970-களில் அரசுடைமையான தோட்டங்கள் 1992 முதல் 53 ஆண்டுக் குத்தகையில் கம்பனிகளிடம் சென்றன. நான்கு தலைமுறையாக அந்த மண்ணைப் பண்படுத்தியவரிடம் ஈடு வைக்க ஒரு பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாதவருக்கு வங்கி கடன் தராது. கம்பனி ஒன்று குத்தகைப் பத்திரத்தைக் காட்டிப் பழைய ஸ்டோரை விடுதியாக்கலாம். அதே தோட்டத்துத் தொழிலாளி தன் வீட்டு முன்னறையை விருந்தினருக்கு விட முடியாது. முயற்சியின்மையே காரணம் என்று சொல்வோருக்கு, கையில் எழுத்தொன்றுமின்றி வங்கிப் படியேறி வரும்படி நான் சொல்வேன்.

இதில் மாற்றம் தொடங்காமலில்லை. 2017 மே 12-ஆம் நாள் நோர்வூட் மைதானத்தில் பேசிய இந்தியப் பிரதமர், முன்னர் ஒப்புக்கொண்ட 4,000 வீடுகளுக்கு மேலாக 10,000 வீடுகளை அறிவித்தார். தனி வீட்டுக்கு 7 பேர்ச் நிலம் என்பது கொள்கையாயிற்று. மலையகத்தில் புதிய கிராமங்களை அமைப்பதற்கான அதிகாரசபை 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. ஒரு சிறு வீடும், அதன் பக்கத்தே விருந்தினருக்கென ஓர் அறையும், பின்னால் கீரைப் பாத்தியும் அமைய அது போதும். ஆனால் வீட்டின் திறப்பு கைக்கு வரும் வேகத்தில் பத்திரமும் வரவேண்டும்.

உடல் நலம் விற்பவர் உடல் நலத்தோடு இருத்தலும் வேண்டும். 2016-ஆம் ஆண்டுச் சனத்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, வயதுக்கேற்ற உயரம் வளராத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாடளாவிய ரீதியில் நூற்றுக்கு 17.3, தோட்டப் பகுதியில் 31.7. உலகத்தார் வந்து உடம்பு தேற்றிச் செல்லும் மலைகளில் மூன்றில் ஒரு குழந்தை கட்டை வளர்த்தி! காற்று நல்லதுதான், காற்றை மட்டும் உண்டு எலும்பு வளராது. தாயின் இரத்தச்சோகை, நாள் முழுதும் தாய் மலையில் நிற்கப் பிள்ளைக் காம்பராவில் கிடைக்கும் உணவு, குழாய் நீரின் தூய்மை, பிறப்புக்கும் பிறப்புக்கும் இடைவெளி என்று காரணங்கள் பல. கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிச் சரிவிலே நின்று பறிக்கும் பெண்களின் கழுத்து வலியும் இடுப்பு வலியும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. விருந்தினரின் நோவுக்கு எண்ணெய் தேய்க்கும் நிலையங்கள், வாரத்தில் ஒரு பிற்பகலேனும் தங்கள் தோட்டத்துப் பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டால் அதனால் கம்பனி நட்டப்பட்டுவிடாது.

செய்யத்தக்கவை பெரிய காரியங்களல்ல. உல்லாசப் பிரயாணத் துறை அதிகாரசபை பிரதேச வழிகாட்டிகளுக்கு உரிமம் வழங்குகிறது; பண்டாரவளையில் ஹோட்டல் பயிற்சிப் பாடசாலை இருக்கிறது. பள்ளிப்படிப்பை முடித்துக் கொழும்புக்கு வண்டியேறக் காத்திருக்கும் தோட்டத்து இளைஞரையும் யுவதிகளையும் அங்கே சேர்ப்பதற்கு ஆசிரியர்களும் தொழிற்சங்கங்களும் முன்வரலாம். 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் மலைநாட்டைத் தாக்கி மண்சரிவுகளை உண்டாக்கிய பின்னர், எந்தச் சரிவில் கட்டலாம், எதிற் கட்டலாகாது என்பதைக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாரிடம் கேட்காமல் விடுதியோ வீடோ எழுப்புவது அறியாமையாகும்.

கொட்டகலையிலிருந்து நோர்வூட்டுக்கு ஒரு நாள் நடை. அங்கிருந்து பொகவந்தலாவைக்கு மறுநாள் நடை. புதிய வீடுகள் எழுந்த தோட்டங்கள் இந்தப் பக்கத்தில் உண்டு. பத்திரம் பெற்ற பத்துக் குடும்பங்களைத் தெரிந்து, ஆளுக்கோர் அறை கட்டக் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் சிறு கடன் கொடுத்து, இரண்டாண்டு நடத்திப் பார்க்கட்டும். கணக்குப் புத்தகத்தை அப்போது விரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.