பவுனும் பழைய தங்கக் காசும்



பெண்ணுக்கு எத்தனை பவுன் என்று நாம் பேசுகிறோம். பவுன் என்பது முதலில் ஒரு காசின் பெயர். ஆங்கிலேயர் 1817-ஆம் ஆண்டு முதல் அச்சிட்ட சாவரின் என்னும் தங்கக் காசையே நம்மவர்கள் பவுன் என்றார்கள். அதன் எடை 7.98 கிராம். பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு தங்கம். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நகைக்கடைக்காரர் 916 என்று சொல்வது இந்த மாற்றைத்தான்.

இதைப் போலவே இன்னொரு காசும் உண்டு. ஜெர்மனி 1871-க்கு முன் ஒரே நாடாக இருக்கவில்லை. பிரஷ்யா, பவேரியா, சாக்சனி எனப் பல அரசுகள்; தனித்தனிக் காசுகள். ஒன்றுசேர்ந்த பின் 20 மார்க் தங்கக் காசு பொதுவாக வந்தது. ஆனாலும் பெரும்பாலான காசுகளில் ஒரு பக்கத்தில் அந்தந்த அரசரின் தலையே இருந்தது. மறு பக்கத்தில் கழுகு. எடை 7.96 கிராம். கையில் வைத்துப் பார்த்தால் பவுனுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் ஆயிரத்தில் 900 பங்குதான் தங்கம். பவுனில் சுத்தத் தங்கம் 7.32 கிராம், இதில் 7.17 கிராம்.

இதில் நமக்கு என்ன பாடம்? எடை ஒன்றாக இருந்தாலும் மாற்று வேறாக இருக்கலாம். இரண்டையும் கேட்க வேண்டும்.

தாய்மார்களே, பாட்டி விட்டுச்சென்ற காசு பெட்டியில் இருந்தால், அவசரத்துக்கு விற்று உருக்கக் கொடுத்துவிடாதீர்கள். அசல் நாணயத்தில் 916 முத்திரை இருக்காது. அதனால் அது போலி என்று எண்ண வேண்டாம். பதக்கமாக்க வளையம் ஒட்டியிருந்தால் எடை கூடும். அதையும் கணக்கில் வையுங்கள். உங்கள் கண் முன்னே நிறுக்கச் சொல்லுங்கள். ஒரு கடையோடு நிற்காமல் இன்னொரு கடையிலும் விலை கேளுங்கள்.

சிறிய அரசுகள் அச்சிட்ட காசுகள் குறைவு. அப்படிப்பட்ட காசுக்கு, நாணயம் சேகரிப்பவர்கள் தங்கத்தின் விலைக்கு மேலும் கொடுப்பார்கள். புளி போட்டுத் தேய்த்தால் அந்த மதிப்புக் குறையும். பழைய அழுக்கோடு அப்படியே வைத்திருங்கள்.

தங்கத்தின் விலையைத் தராசும் மாற்றும் சொல்லும். காசின் விலையை அதில் உள்ள தலையும் ஆண்டும் சொல்லும். இரண்டையும் கேட்டறிந்த பிறகே கை மாற்றுவோம்.